லினக்ஸில் வைஃபை வரவில்லையா? கார்டை மாற்றும் முன் அதன் பெயரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே இரண்டு தடவை படித்தேன். வேண்டிய நேரத்தில் வந்த கட்டுரை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் சேர்த்துக்கொள்வதே இல்லை. இதனால் திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கிற மிஷின்கள்கூடப் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. காரைக்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன் நான், தினமும் இதைப் பார்க்கிறேன், அதனால் அந்தக் கட்டுரைக்கு மனதார நன்றி.

ஆனால் ஒரு விஷயம் அதில் விட்டுப்போயிருக்கிறது. பென்டிரைவைச் சொருகினால் அரை மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். ஏறின பிறகு வைஃபை வரவில்லை என்றால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. என் அனுபவத்தில், ஆசையாக லினக்ஸ் போட்டவர்கள் ஒரே வாரத்தில் அதைக் கழற்றிவிட்டுப் போவது இந்த ஓர் இடத்தில்தான். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்றால் பழகிக்கொள்கிறார்கள், ஐகான் எல்லாம் வேறு மாதிரி இருந்தால் சரி என்கிறார்கள். நெட் வரவில்லை என்றால் மட்டும் யாரும் பொறுக்கமாட்டார்கள், பொறுக்கவும் முடியாது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம். அண்ணனுடைய பழைய லேப்டாப், அதில் அவளே யூடியூப் பார்த்து லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறாள். எல்லாம் சரியாக வந்திருக்கிறது, வைஃபை மட்டும் தகராறு. வேறொரு கடையில் காட்டியதற்கு, "லினக்ஸ்ல வைஃபை எல்லாம் வராதும்மா, கார்டும் போயிருச்சு, 1,800 ரூபா ஆகும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், கூடவே வந்திருந்தார், ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அவளிடம் என்னம்மா ஆகுது என்று கேட்டேன். "அண்ணே, ரவுட்டர் பக்கத்துல உக்காந்தா வருது, எந்திரிச்சு உள் ரூமுக்குப் போனா போயிருது" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. கார்டு செத்திருந்தால் ரவுட்டர் மேலேயே லேப்டாப்பை வைத்தாலும் வராது. பக்கத்தில் வருகிறது, தள்ளிப் போனால் இல்லை என்றால் கோளாறு ஆன்டெனா பக்கம் என்று அர்த்தம். கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்தேன். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஐந்தே எழுத்து, அப்புறம் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, என்-என்-கே. லேப்டாப்புக்குள் இருக்கிற சிப் எல்லாம் வரிசையாகத் தன் பெயரைச் சொல்லும், அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைப் பார்க்க வேண்டும். அவளுடையது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்று வந்தது. பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனாலும் அவளுக்குக் காட்டுவதற்காகப் பின்மூடியைக் கழற்றினேன்.

தபால்தலை அளவுக்கு ஒரு பச்சைக் கார்டு. அதன் ஓரத்தில் கடுகு மாதிரி இரண்டு பித்தளை முனைகள், ஆன்டெனா கம்பியை மாட்டுகிற இடம். ஒன்றில் கறுப்புக் கம்பி மாட்டியிருக்கிறது, இன்னொன்று மொட்டையாக இருக்கிறது. லேப்டாப் செய்த நிறுவனம் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆன்டெனா வைத்திருக்கிறது. அதில் தப்பில்லை, ஒன்று போதும். தப்பு எங்கே என்றால், எந்த முனையில் கம்பி இருக்கிறது என்று கார்டுக்குள் எழுதிவைக்க வேண்டிய குறிப்பை மாற்றி எழுதிவிட்டார்கள். கார்டை இயக்குகிற மென்பொருளான லினக்ஸ் டிரைவர் அந்தக் குறிப்பை நம்பி, கம்பியே இல்லாத முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ரவுட்டர் இருந்தால் கத்துகிற சத்தம் எப்படியும் காதில் விழும், சுவர் குறுக்கே வந்தால் விழாது.

வைத்தியம் ஒரே ஒரு வரி. அந்த டிரைவருக்கு 'ஆன்ட் செல்' என்று ஒரு அமைப்பு உண்டு, அதை 2 என்று மாற்றி ஒரு சின்னக் கோப்பில் எழுதி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 2 போட்டுச் சரிவரவில்லை என்றால் 1 போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மைனஸ் 84-ல் தவித்துக்கொண்டிருந்த சிக்னல் மைனஸ் 52-க்கு வந்தது, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். அந்தப் பெண் நம்பாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர் ஜெராக்ஸ் கடை வாசல் வரை போய் நின்று பார்த்தாள், அங்கேயும் என் கடை வைஃபை வந்தது. அவள் அப்பா அப்போதுதான் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

அந்த ஒரு வரியை சாத்தியமாக்கியவரைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அமெரிக்காவைச் சேர்ந்த லாரி ஃபிங்கர். கனிமங்களின் படிக அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி. வயதான காலத்தில், பல வருடங்களாக, பிராட்காம், ரியல்டெக் வைஃபை சிப்களின் லினக்ஸ் டிரைவர்களைத் திருத்துவதும் உலகம் முழுவதிலுமிருந்து வருகிற கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதுமாக இருந்தவர். லேப்டாப் நிறுவனங்கள் தப்பாக எழுதிவிட்ட அந்தக் குறிப்பைத் தாண்டிப்போக 2016-இல் அந்த 'ஆன்ட் செல்' அமைப்பை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் சேர்த்தவர் அவர்தான். 2024 ஜூனில், 84 வயதில், காலமானார். எங்கோ அமெரிக்காவில் ஒரு பெரியவர் எழுதிய நாலு வரி காரைக்குடியில் ஒரு கூலித் தொழிலாளிக்கு 1,800 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறது. கார்டைச் செய்து விற்றவர்களுக்கோ, லேப்டாப்பில் பொருத்தி விற்றவர்களுக்கோ அந்தக் கவலை இருக்கவில்லை.

இப்போது கட்டுரையில் விட்டுப்போனதற்கு வருகிறேன். வைஃபை வரவில்லை என்றதும் முதல் சிக்கல் என்ன தெரியுமா, டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பூட்டின வீட்டுக்குள்ளே சாவி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் சாவி எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் மாட்டி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்தால் போதும். லினக்ஸ் அதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொண்டு பத்து வினாடியில் நெட் கொடுத்துவிடும், இதற்கென்று தனி டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை. கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிளில் வராது. லினக்ஸில் பல வகை உண்டு, நெட் வந்ததும் உபுண்டு என்ற வகையில் அடிஷனல் டிரைவர்ஸ், மின்டில் டிரைவர் மேனேஜர், இரண்டில் உங்களுக்கு எது உண்டோ அதைத் திறந்தால், பல கார்டுகளுக்கு அதுவே எது வேண்டும் என்று காட்டும், ஒரு கிளிக்கில் முடிந்துவிடும். பிராட்காம் கார்டு என்றால் மின்ட் ஏற்றிய அதே பென்டிரைவிலேயே டிரைவர் இருக்கும், நெட்டே இல்லாமல்கூட அதிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. வைஃபை உண்மையிலேயே இல்லையா, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்எஃப்கில் என்ற கட்டளை அதைச் சொல்லும். சாஃப்ட் பிளாக் என்று வந்தால் விமான மோடு ஆன் ஆகியிருக்கிறது, கீபோர்டில் அந்தப் பொத்தானை அமுக்கினால் சரி. ஹார்டு பிளாக் என்று வந்தால் பழைய லேப்டாப்களில் முன் விளிம்பில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பையில் போடும்போது நகர்ந்திருக்கும். சில மாடல்களில் ஸ்விட்சே கிடையாது, ஆனாலும் ஹார்டு பிளாக் என்றே காட்டும். அந்த மாடலுக்கான துணை டிரைவர், இல்லாத ஸ்விட்சை இருப்பதாக நினைத்துக்கொள்வதால் வருவது அது, அந்தத் துணை டிரைவரை ஏறவிடாமல் தடுத்துவைத்தால் வைஃபை வந்துவிடும். ஸ்விட்சைத் தள்ளிவிட்டு ஐம்பது ரூபாய்கூட வாங்காமல் அனுப்பிய மிஷின்கள் எத்தனையோ.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே மிஷினில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, ஷட்டவுன் கொடுத்தால் முழுசாக அணையாமல் அரைத் தூக்கத்தில் போகும். வைஃபை கார்டையும் அதே அரைத் தூக்கத்தில் விட்டுவிடும், அப்புறம் லினக்ஸ் எழுந்து வந்து கார்டைத் தட்டினால் எழுந்திருக்காது. நேற்று வந்தது இன்றைக்கு வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். விண்டோஸுக்குள் போய் அதை அணைத்துவிட வேண்டும்.

அப்டேட் செய்தேன், வைஃபை போச்சு என்பது அடுத்த ரகம். வெளியிலிருந்து தனியாகப் போட்ட டிரைவர் என்றால் கர்னல் மாறும்போதெல்லாம் அதைப் புதுக் கர்னலுக்கு ஏற்றபடி திரும்பக் கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானே செய்யும், ஆனால் கர்னல் ஹெடர்ஸ் என்ற பொதி இல்லை என்றால் பேசாமல் விட்டுவிடும். பதற்றப்பட்டு ஃபார்மட் அடிக்க வேண்டாம். மிஷின் எழும்போது வரும் கரும்பலகை மாதிரியான மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை திரும்ப வந்துவிடும், அதிலிருந்துகொண்டு நிதானமாகச் சரிசெய்யலாம். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு ஆன் ஆகியிருந்தால் இன்னொரு முடிச்சு உண்டு, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து அதே பாஸ்வேர்டைக் கேட்கும். அந்த நீலத் திரையைப் பார்த்து வைரஸ் என்று பயந்து பவர் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள். அது வைரஸ் இல்லை, அந்த டிரைவரை உள்ளே விட உங்கள் சம்மதத்தைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஏன் இப்படி என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். லினக்ஸ் மட்டமா அண்ணே என்பார்கள். இல்லை. ஒரு வைஃபை கார்டு வேலை செய்ய இரண்டு வேண்டும். ஒன்று டிரைவர், அது கர்னலோடு சேர்ந்து ஓடும். இன்னொன்று ஃபர்ம்வேர், கார்டுக்குள்ளேயே ஏறி ஓடுகிற சின்ன மென்பொருள். இந்த ஃபர்ம்வேரை எழுதுவது கார்டு நிறுவனம், அதன் மூலநிரலைத் தருவதில்லை. கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் தருவோம் என்று கொள்கையாக இருந்த டெபியன் என்ற லினக்ஸ் வகை, ரொம்ப காலம் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்கவே இல்லை. இன்டெல் கார்டு இருந்தும் டெபியனில் வைஃபை வராமல் போனதற்கு அதுதான் காரணம். 2022 அக்டோபரில் அவர்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, சேர்க்கலாம் என்று முடிவெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது கூடவே வருகிறது. கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருகிறவர்கள் வாசலிலேயே திரும்பிப் போவதைத் தினம் பார்க்கிறவன் என்கிற முறையில் அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

நிறுவனங்கள் மனது வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2008-இல் ஏதெராஸ் என்ற சிப் நிறுவனம் தன் கார்டுகளுக்கான ஏடிஹெச்9கே டிரைவரை மூலநிரலோடு வெளியிட்டது. அந்தக் கார்டு உள்ள பழைய லேப்டாப்கள் இன்றைக்கும் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்கின்றன. பிராட்காம் 2010-இல் சில சிப்களுக்கு அப்படிச் செய்தது, ஆனால் பிசிஎம்43142 மாதிரியான சிப்களுக்கு இன்றும் மூடிய டிரைவரைத் தனியாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களில் ஏராளமாக வந்த ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ முதலில் பெரும் தலைவலி, 2020-இல் வந்த 5.9 கர்னலிலிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஆர்டிஎல்8852பிஇ சிப்புக்கு 6.2 கர்னல் வேண்டும், அது வந்தது 2023-இல். அதனால்தான் நண்பர் கொடுத்த மூன்று வருடப் பழைய பென்டிரைவில் லினக்ஸ் போடாதீர்கள், இன்றைய தேதிக்குப் புதிதாக இறக்கிப் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

எல்லாம் பார்த்தும் வரவில்லை, கார்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வருவதும் உண்டு, நூற்றுக்கு நூறு சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்போதும் 1,800 ஆகாது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய இன்டெல் கார்டு ஒன்று ஐநூறு ரூபாய்க்குள் என் கடையிலேயே கிடைக்கும். சில பழைய மாடல்களில் வேறு கார்டைப் போட்டால், மிஷினை எழுப்புகிற அடிப்படை மென்பொருளான பயாஸ் ஏற்காது, அதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பென்டிரைவ் மாதிரியான வைஃபை அடாப்டர் வாங்குகிறவர்கள் ரொம்பக் கவனம், ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில், வெர்ஷன் 1 ஒரு சிப், வெர்ஷன் 2 வேறொரு சிப் என்று விற்கிறார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. லேப்டாப் பெட்டியின் மேலே ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, பிராசஸர் எது என்று எல்லாம் அச்சிடுகிறார்கள். வைஃபைக்கு மட்டும் 'வைஃபை 6' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். உள்ளே இன்டெல்லா, ரியல்டெக்கா, மீடியாடெக்கா என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, ஒரே மாடலில் இந்த மாதம் வந்த சரக்கில் ஒன்று, அடுத்த மாதச் சரக்கில் ஒன்று. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்குகிற பொருளில் ஒரு சிப்பின் பெயரைக் கேட்பது பேராசை இல்லையே. கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்டால்தான் அச்சிட ஆரம்பிப்பார்கள்.

தனி ஆள் கேட்டால் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள், லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் கேட்டுத்தானே ஆக வேண்டும். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. அந்த லேப்டாப்கள் இன்னும் என் கடைக்கு வருகின்றன, தம்பி தங்கைகள் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2025 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட பெரிய கொள்முதல்களின் ஒப்பந்தப் புள்ளியில் இரண்டே வரி சேர்த்தால் போதும்: வைஃபை சிப்பின் பெயரும் எண்ணும் எழுத்தில் தரப்பட வேண்டும், அதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். கொடுக்கிற அன்றைக்கு விண்டோஸ் ஓடும், சரி. ஆறேழு வருடம் கழித்து அந்த விண்டோஸுக்கும் இன்றைய விண்டோஸ் 10-இன் கதிதான். அன்றைக்கு அந்த மிஷின் தங்கச்சிக்குப் போகுமா, குப்பைக்குப் போகுமா என்பதை இன்றைக்கு எழுதுகிற அந்த இரண்டு வரிதான் முடிவு செய்யும். கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸிலேயே கணினிப் பாடம் நடத்துகிறார்கள், நடக்கிற காரியம்தான் இது.

கடைசியாக என் தொழிலில் இருப்பவர்களுக்கு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், கார்டு போச்சு என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண் மாதிரி தானே முயற்சி செய்து ஒரு சிஸ்டத்தைப் போட்டவளிடம் "லினக்ஸ்ல அதெல்லாம் வராது" என்று சொன்னால் அவள் அடுத்த தடவை முயற்சியே செய்யமாட்டாள். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, நிறையப் பேர் இளைஞர்கள், காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படிப்பட்டவர்களிடம் கற்றுக்கொண்டதுதான் இவ்வளவும்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரைக்கு அடுத்த வாரம் தொடர்ச்சி வரும் என்று கீழே போட்டிருந்தீர்கள். இடம் போதாமல் என் கடிதத்தை வெட்ட வேண்டி வந்தால் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். போன் கேபிளை மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்வது பற்றிய அந்த நாலு வரியை மட்டும் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள். இன்றைக்கு ராத்திரியே அது யாருக்காவது தேவைப்படும்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் கடை நடத்தும் உங்கள் வாசகன்,
காரைக்குடி.